ராஸ் எல் பர்ரில் கீழ்த்தள வீடு கிடைத்துவிட்டது

என் கண்மணி நெர்மீனுக்கு,

உன்மேலும் மாப்பிள்ளை தாமர்மேலும் குழந்தைகள் ஆசிர், லுஜைன்மேலும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். இங்கே நம் ஊர் மஹல்லாவில் நானும் உன் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அம்மாவின் முட்டிவலியும் சுகமாகவே இருக்கிறது, அவளை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. தாமரின் சிநேகிதர் மெத்ஹத் கனடாவுக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அப்பா ஏன் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வாள். சொல்ல வேண்டிய விஷயமோ என் மானம் போன கதை. அதை என் போக்கில்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நல்ல சேதி, நீ நிம்மதியாக மற்றதைப் படிக்கலாம். ராஸ் எல் பர்ர் கடற்கரையில் நமக்கு வழக்கமான அதே கீழ்த்தள வீடு கிடைத்துவிட்டது. வாசலில் படி கிடையாது, மணல் வரைக்கும் சமதரை, எதிரே அலைதடுப்புப் பாறைகளுக்கு உள்ளே குளம் மாதிரி ஆழமில்லாத தண்ணீர். லுஜைன் காலில் கட்டிய தாங்குபட்டையோடு ஒரு படியும் ஏறக் கூடாது, ஆனால் ஈரமணலில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாயே, அப்படியே. கீழ்த்தளம் இல்லையென்றால் இந்த வருஷமும் வரமாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், இரண்டாவது தட்டு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. ஆனால் நடுவில் அந்த வீடு கைவிட்டுப் போய்விட்டது, அதை உன்னிடம் நாங்கள் மறைத்துவிட்டோம்.

போன தடவை நீ வருகிறாய் என்று தெரிந்ததும் நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன், ரொட்டிக்கடை, முடிதிருத்தும் கடை, மில்லில் கூட வேலை பார்த்தவர்கள், ஒருவரையும் விடவில்லை. அப்புறம் லுஜைனுக்குக் கால் ஆபரேஷன் வந்து எல்லாம் நின்றுபோனது. என் வாயால்தான் ஊர்க்கண் பட்டது என்றே உன் அம்மா முடிவு கட்டிவிட்டாள். இந்தத் தடவை நீ சம்மதம் சொன்ன அன்றைக்கே என்னை உட்கார வைத்து, “மூடி வச்ச விளக்குதான்யா அணையாது. யாரு கேட்டாலும் புள்ள வரலைன்னு சொல்லு, நாமளும் கடலுக்குப் போகலைன்னு சொல்லு. வாயைத் திறந்தே, உனக்கு இந்த வீட்டுல டீ கிடையாது” என்றாள். டீயை வைத்து மிரட்டினால் நான் என்ன செய்வேன்? கேட்டவர்களுக்கெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம், நாங்களும் எங்கே போகப்போகிறோம் என்று சொன்னேன். நன்றாகவே நடித்தேன் போலிருக்கிறது, ரொட்டிக்கடைக்காரன் மனசு கேட்காமல் ஒரு ரொட்டி அதிகமாகப் போட்டான். என் அக்கா, உன் நகாத் அத்தையிடமும் அதையேதான் சொன்னேன்.

வீட்டுக்காரர் ஹாஜ் புர்ஹாமியிடம் மட்டும் வழக்கம்போல வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் உறுதி செய்யப் பேசினால், அந்த மனுஷர், “என்ன ஷௌகி அண்ணே, நீங்க வரலைன்னு மஹல்லாவே சொல்லுதாமே, நான் வேற குடும்பத்துக்குக் கொடுத்திட்டேனே” என்கிறார். யாருக்கு என்று கேட்டேன். “சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், கண்பட்டுடும்னு பயப்படறாங்க” என்றார். என் ஆயுதத்தாலேயே என்னைக் குத்தினால் நான் எங்கே போய் முறையிட? மறுநாள் காலையில் வேன் பிடித்து ராஸ் எல் பர்ருக்கே போய்விட்டேன். வெயிலில் தெருத்தெருவாகத் தரகர்களோடு அலைந்தேன். ஆகஸ்டு மாசத்துக்குக் கீழ்த்தளம் ஒன்றும் இல்லை. ஒன்று இருந்தது, ஜன்னலுக்கு அடியில் மீன் வறுக்கும் கடை. இன்னொன்றைக் கீழ்த்தளம் என்று சத்தியம் செய்தார்கள், போய்ப் பார்த்தால் பள்ளிவாசல் மினாராவைப் போலப் படிக்கட்டு. தரகன் சொல்கிறான், “குழந்தையைத் தூக்கிட்டுப் போங்களேன் ஹாஜ், இதெல்லாம் ஒரு படியா?” நான் ஏறி முடிப்பதற்குள் என்னையே தூக்கிப்போக ஆள் தேட வேண்டியதாகிவிட்டது. உனக்குப் போன் செய்து இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அம்மா தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை, எழுந்தால் என்னைத் திட்ட மட்டும் எழுந்தாள்.

மனசு தாங்காமல் அத்தை வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லவும் முடியாது, சும்மா அவள் டீயையாவது குடிக்கலாம் என்று. போனால் சமையலறை கல்யாண வீடு. குட்டிச் சுரைக்காய்களைக் குடைந்து மலையாகக் குவித்திருக்கிறாள், திராட்சை இலையில் சோறு சுருட்டிப் பிரிட்ஜில் அடுக்கியிருக்கிறாள், இரண்டு வாத்து வெந்துகொண்டிருக்கிறது. தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்றேன். “ஏழைங்களுக்கு” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அப்போதுதான் நாற்காலியில் ஒரு புது வைக்கோல் தொப்பியைப் பார்த்தேன். எடுத்துப் போட்டுப் பார்த்தால், நெர்மீன், எனக்குச் சரியாக இருக்கிறது! இந்தப் பெரிய தலைக்குக் கடையில் தொப்பி கிடையாது என்று உனக்கே தெரியும், சொல்லித்தான் பின்ன வேண்டும். நான் அப்படியே நின்றேன். அவள், “டேய் ஷௌகி, கெடுத்துட்டியேடா” என்று கரண்டியைப் போட்டாள். விஷயம் என்ன தெரியுமா? பிள்ளை வரவில்லை என்று நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் இருவரையும் திடீரென்று கடலுக்கு அழைத்துப் போகலாம் என்று புர்ஹாமிக்குப் போன் செய்து, என் தம்பி வரப்போவதில்லை, அந்த வீட்டை எனக்குக் கொடு, யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். நான் தெருத்தெருவாகத் தேடிய திருடி எனக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறாள்!

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே நீ வருவதையும் நான் சொன்ன பொய்யையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “என் கண்ணுக்குப் பயந்தாடா மறைச்சே?” என்றாள். ஐயோ அக்கா, ஊர் முழுக்க இதையேதான் சொன்னேன், ரொட்டிக்காரனிடம்கூட என்றேன். “அப்போ ரொட்டிக்காரனும் நானும் ஒண்ணா?” என்றாள். பிள்ளை இல்லாதவளிடம், அடுத்தவர் பிள்ளை வருவதைச் சொல்லாதே என்று சிலர் பேசுவது அவள் காதில் விழாமலா இருக்கும்? நான் அப்படி நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. நினைக்காமலே செய்துவிட்டேன், அதுதான் என் அறிவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்திரி, இன்னும் சுரைக்காய் வாங்கிட்டு வா, புள்ளைங்க வருதுல்ல” என்று விரட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று சந்தோஷமாகப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தால், வீடு உங்களுக்கு, சமையலும் உங்களுக்கு, நான் வரவில்லை என்கிறாள். உன் அம்மா மறுநாளே போய் அவள் தலையில் முத்தமிட்டு, புத்தி கெட்டவள் நான்தான், என் பேச்சைக் கேட்டுத்தான் அந்த மனுஷன் அப்படிச் செய்தான் என்று அழுதாள். அத்தையும் சேர்ந்து அழுதாள், இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் கடலுக்கு மட்டும், “எனக்கு மணல் ஒத்துக்காது” என்கிறாள். அவளுக்கா மணல் ஒத்துக்காது!

மற்றதெல்லாம் தயார். குடை வாடகைக்குச் சொல்லியாயிற்று, லாரி டியூப் ஒன்று காற்றடித்து வைத்திருக்கிறேன், மிதவைப் பொம்மை எதுவும் சுமந்து வராதே. பகல் வெயிலில் பிள்ளைகளை வெளியே விடாதே, சாயங்காலம் இறக்கலாம். கடலில் இறங்கக் கூடாது என்று கறுப்புக் கொடி போட்டிருந்தால் மாப்பிள்ளை நீச்சல் வீரனாக இருந்தாலும் கரையில் உட்கார்ந்து தர்பூசணி தின்னட்டும். ஆசிர் ஓடிக்கொண்டே இருப்பான், அவனை நான் பிடிக்கிறேன், முடிந்த வரைக்கும்.

இறைவன் உங்கள் பயணத்தை இலேசாக்கி, லுஜைனின் காலுக்கு வலு தரட்டும், உன் குடும்பத்தைக் கண் இமைபோலக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே மகளே. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அத்தைக்குப் போன் செய். நீ மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வருகிறாய் என்பதை எங்கள் வாயால் கேட்டது அவளுக்குப் போதாது, உன் வாயால் கேட்க வேண்டும். லுஜைன் பட்டையைக் கழற்றிவிட்டு முதல் தடவையாகத் தண்ணீரில் கால் வைக்கும்போது ஒரு பக்கம் நீ பிடிப்பாய், இன்னொரு பக்கத்துக்கு ஆள் இல்லை என்று சொல். அது பொய்யில்லை, எங்களில் ஒருவரையும் அந்தப் பக்கம் வரவிடாமல் நானே தடுத்து நிறுத்துகிறேன்.

அன்புடன் உன் அப்பா,
ஷௌகி
மஹல்லா