எங்கள் கரும்பில் ஏது சேறு?

என் உயிர் மச்சான் வேலுவுக்கு,

பத்தாவதில் இரண்டு முறை கோட்டைவிட்டவன் எழுதுகிறேன். பிழையைப் பார்த்துச் சிரிப்பாய். சிரி.

உன் தங்கை செல்வி நலம். எங்கள் மகள் கயல் கல்லூரியில் படிக்கிறாள். பாடத்தைவிடத் துப்பறியும் கதைதான் ஜாஸ்தி. மூக்கு அப்படியே உன் மூக்கு.

உன் நினைவு நாளில் கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்தோம். "எங்கண்ணன் மீனாட்டம் நீந்துவான், கெணத்துல எப்பிடிச் சாவான்?" என்று செல்வி வழக்கம்போல ஆரம்பித்தாள். அவளைச் சிரிக்கவைக்க நானும் வழக்கம்போல என் செருப்புக் கதையைச் சொன்னேன். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றில் நீ மிதக்கிறாய் என்று கேட்டு ஓடிவந்தேன். எங்கள் கரும்புச் சேற்றில் செருப்பு மாட்டிக் குப்புற விழுந்தேன். உன்னைத் தூக்க வந்தவர்கள் முதலில் என்னைத் தூக்கினார்கள்.

கயல் சிரிக்கவில்லை.

"அப்பா, அன்னைக்குக் கெணத்துத் தண்ணி யாரு முறை?"

"உங்க மாமன் முறைதான்."

"மழை பேஞ்சிதா?"

"சித்திரையில இன்னாடி மழை?"

"அப்ப நம்ம கரும்புல ஏதுப்பா சேறு?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

உன் முறையில் மடையைத் திருப்ப எவனுக்கு மச்சான் தைரியம் வரும்? நீ இனி வரமாட்டாய் என்று தெரிந்தவனுக்குத்தான் வரும். இத்தனை வருடமாக நான் சாட்சியைத்தான் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ மிதந்ததற்கு முந்தின நாள் நான் சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கழனியில் இருந்தவர் என் அண்ணன் மட்டும். மறுவருடம் அவரேதான் உங்கள் வீட்டுக்கு வந்து செல்வியை எனக்குப் பெண் கேட்டார். நல்ல மனசு என்று ஊரே மெச்சியது. பிறகு கழனியை என்னிடம் விட்டுவிட்டுக் கரியாலூரில் டீக்கடை போட்டார். கிணற்றுப் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் ஏறிப் போனேன். மலையில் பனி மூடியிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னைக்கு மடைய ஏன் திருப்புன?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கிளாசைக் கீழே வைத்தார்.

"மோட்டார் ஓடிக்கினே இருந்திச்சிடா. அவன் கழனி ரொம்பி வழியுது. தண்ணி வீணாப் போவுதேன்னு..."

ஆளைத் தள்ளிய கைக்குத் தண்ணீர் வீணாவது பொறுக்கவில்லை, மச்சான்.

உங்கள் இருவருக்கும் என்ன சண்டை? தண்ணீருக்கா, வேறெதற்காவதா? கேட்டேன்; அவர் அடுத்த டீயை ஆற்றத் திரும்பிக்கொண்டார். நீயாவது கனவில் வந்து சொல்லக்கூடாதா?

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அழவில்லை. "பொண்ணு கேக்க வந்தப்ப எங்க வூட்டுச் சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாரே" என்றாள். பிறகு, "காலையில போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வரேன்" என்றாள். அங்கிருந்து என்னோடு திரும்புவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இன்று உன் முறை. முள் மண்டிக் கிடக்கும் உன் கழனிக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு வந்து எழுதுகிறேன். இனி உன் முறையில் ஒரு சொட்டும் எங்கள் பக்கம் வராது. விடிந்ததும் ஸ்டேஷனில் அந்தச் செருப்புக் கதையைச் சொல்லப்போகிறேன். இந்த ஒருமுறை சிரிக்காமல் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன்
(நாளைக்கும் அவள் அப்படிச் சொல்ல விட்டால்)