கங்கம்மா கொல்லையின் வேட்டைப் பேன்கள்

6 மார்ச் 1972

இன்றும் எண்ணிக்கை தப்பு என்று அதிகாரி பூவராகவன் சார் சொல்லிவிட்டார்.

காக்களூருக்கு அப்பால் சுப்பராயனின் கத்தரிக் கொல்லையில் எங்கள் ஆராய்ச்சி ஆபீசின் சோதனை. ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை டிடிடி. மறு பாதிக்கு ஒன்றும் கிடையாது. இரண்டிலும் இலை பறித்து, பூதக்கண்ணாடியால், சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப்பேன்களை எண்ணுவது என் வேலை. மருந்தடித்த பாதியில் இலைக்கு அறுபத்திரண்டு. அடிக்காத பாதியில் ஒன்பது.

பூவராகவன் சார் தாளை என் பக்கமே தள்ளினார். "தலைகீழா எழுதியிருக்கீங்க சம்பூர்ணம். பொம்பளைங்களுக்குப் பொறுமை இருக்கும்னுதான் உங்களை எடுத்தேன். யோசிக்கிறதை நான் பாத்துக்கறேன்."

பொறுமையாம். கழுத்து இழுத்துக்கொள்ளும்வரை குனிந்து எண்ணியவள் நான். "சரி சார்" என்றேன். ஏன் சொன்னேன்?

7 மார்ச்

மறுபடி எண்ணினேன். அறுபத்தாறு. எட்டு.

11 மார்ச்

காரணம் தெரிந்துவிட்டது.

மருந்தடிக்காத பாதியில், இலையின் அடியில், நடு நரம்பை ஒட்டி ஒன்று ஓடியது. சிலந்திப்பேன் இப்படி ஓடாது. வலை பின்னிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும். இது வெளிறிய, பளபளப்பான உடம்பு. கண் இல்லை போலிருக்கிறது – முன்கால்களை நீட்டித் தடவித் தடவித்தான் போகிறது. சிலந்திப்பேனின் முட்டை ஒன்று காலில் பட்டதும் நின்றது. குத்தி உறிஞ்சியது. வெறும் தோல் மிஞ்சியது. மதியத்துக்குள் ஆறு முட்டை. பிறகு ஒரு முழுச் சிலந்திப்பேனையே பிடித்தது. உறிஞ்ச உறிஞ்ச அதன் வெளிறிய வயிற்றில் செம்மை ஏறியது.

வேட்டைப் பேன் என்று நானே பெயர் வைத்தேன். மருந்தடித்த பாதியில் தேடினேன், ஒன்றுகூட இல்லை. டிடிடி வேட்டைப் பேனைக் கொல்கிறது. சிலந்திப்பேனுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. தின்ன ஆள் இல்லாமல் அது பெருகுகிறது.

சுப்பராயனின் மனைவி கங்கம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "இத்தினூண்டு இருந்துகினு இன்னா தீனி தின்னுது" என்றார்.

14 மார்ச்

சாரிடம் சொன்னேன். இலையைக் கொண்டுபோய் மேஜை மேலேயே வைத்தேன். கண்ணாடியைத் தொடக்கூட இல்லை.

"பூச்சியே பூச்சியைத் தின்னுடும்னா மருந்துக் கம்பெனி நமக்கு எதுக்கு ஜீப் குடுத்திருக்கு?"

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம். மருந்து படாத பாதி பச்சையாக நிற்பதை அவர்கள் பார்க்கக்கூடாது. "அதையும் அடிச்சிடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

ஒரே மாதிரி. இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

15 மார்ச்

ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஆபீசில் மருந்தடிக்கும் முனுசாமி வந்து நின்றார். கங்கம்மா வரப்பில் மறித்துக்கொண்டார். "இந்தப் பாதி நல்லாத்தானே கீது. இதுக்கு எதுக்கு மருந்து?"

சுப்பராயன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "ஆபீசருங்க சொன்னா கேட்டுக்கணும். அப்பால எதுக்கும் வரமாட்டாங்க."

முனுசாமி என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, அடிக்கட்டுமா?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அடிங்க" என்றேன்.

16 மார்ச்

சொன்னது என் வாய்தான். பூவராகவன் அங்கே இல்லவே இல்லை.

8 ஏப்ரல்

கொல்லை முழுக்கப் போய்விட்டது. இலையெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பு, கொழுந்தைச் சுற்றி வலை. செடிகளைப் பிடுங்கி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். பிஞ்சோடு பிடுங்கிப் போட்ட செடிகள்.

கங்கம்மா நிமிராமலே பேசினார். "அவனுங்களுக்குத் தெரியாது, அடிச்சானுங்க. நீ கண்ணால பாத்தவ. எனக்கும் காட்டுனவ. பாத்துட்டு நீயே அடிக்கச் சொன்னியே."

அவங்க கேட்டதுல ஒரு சொல் தப்பு இல்ல. சார் மேல வர்ற கோவத்தை விட என் மேலதான் பத்திகினு எரியுது. படிச்சி இன்னா கிழிச்சேன்?

10 ஏப்ரல்

அறிக்கை தயார். "விவசாயியின் பராமரிப்புக் குறைவால் பயிர் சேதம்" என்று டைப் அடித்திருக்கிறது. அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

மாட்டேன் என்றேன்.

"உங்களோடது தற்காலிக வேலை, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

எழுந்து வந்துவிட்டேன். பயமில்லை, ஆத்திரம்.

29 ஏப்ரல்

நாளையோடு வேலை முடிகிறது. பூதக்கண்ணாடி என் சொந்தக் காசில் வாங்கியது. எடுத்து வந்துவிட்டேன்.

19 ஜூன்

கும்மிடிப்பூண்டியில் பள்ளிக்கூட வேலை. இதுவும் தற்காலிகம்தான். ஏழாம் வகுப்புப் பாடத்தில் பூச்சி ஒழிப்பு: டிடிடி தூவினால் பயிர் செழிக்கும். உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, நான் கண்டதைச் சொன்னேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்தச் சொன்னார்.

எங்கே போனாலும் ஒரு பூவராகவன்.

21 ஜனவரி 1973

ஞாயிறு. கங்கம்மா வீட்டுக்குப் போனேன். ஒன்பது மாதம் கழித்து.

"எதுக்கு வந்தே?"

மறுபடி கத்தரி போட்டிருக்கிறார்கள். இலையில் அதே செம்புள்ளிகள் தொடங்கிவிட்டன. கிணற்றோரம் மருந்து படாத ஆமணக்குச் செடிகள் நிற்கின்றன. ஓர் இலையைத் திருப்பினேன். ஓடிக்கொண்டிருந்தன, ஏழெட்டு. இந்த இலைகளைப் பறித்துக் கத்தரிச் செடி மேல் போட்டால் வேட்டைப் பேன்கள் இறங்கிக்கொள்ளும், மருந்து மட்டும் அடிக்க வேண்டாம் என்றேன்.

"ஆபீசு அனுப்புச்சா?"

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன்."

ஆமணக்கு இலையைத் தானும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வரிசை தர்றேன். அதுக்கு மேல கேக்காதே."

4 பிப்ரவரி

சிலந்திப்பேன் இலைக்கு முப்பத்தொன்று. ஏறிக்கொண்டுதான் போகிறது. வேட்டைப் பேன்கள் இருக்கின்றன, போதவில்லை. சுப்பராயன் மருந்து டின்னோடு வந்து நின்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கங்கம்மா டின்னைப் பிடுங்கிக்கொண்டார். "ஒரு தபா ஆபீசு சொன்னதக் கேட்டோமில்ல. இந்த தபா நான் சொல்றதக் கேளு."

இந்த முறையும் தப்பாகிப் போனால் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

25 பிப்ரவரி

இரண்டு வரிசையிலும் இலைக்கு மூன்று. நான்கு முறை எண்ணினேன்.

தின்ன இரையில்லாமல் வேட்டைப் பேன்கள் தம் குஞ்சுகளையே உறிஞ்சுகின்றன. மற்றவை பக்கத்துச் செடிகளுக்குப் பரவிவிட்டன. மூன்றாம் வரிசையிலும் கண்டேன். கங்கம்மா ஒரு காயைப் பறித்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

கிளம்பும்போது முனுசாமி வந்தார். முதுகில் ஸ்பிரேயர் இல்லை. ஆரணியில் அவருக்கும் கொஞ்சம் வெண்டை இருக்கிறதாம், மருந்தடித்தும் இலை பழுத்துப் போகிறதாம். "நாலு ஆமணக்கு இலை குடும்மா. எப்படிப் போடறதுன்னு நீயே வந்து காட்டு."

ஞாயிறுவரை தாங்காது என்றார். நாளைக்கே வருவதாகச் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதி வைத்தாயிற்று. காரணம்: சொந்த வேலை.