இரண்டு வாட்ச்மேனும் ஒரு கம்ப்யூட்டரும்

ஆம்பூர்
9-5-2006

என் செல்ல மகள் இவாஞ்சலினுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால் எப்போதும் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை நிசார் அஹமது கையில் கொடுத்து அனுப்புகிறேன். பக்கத்து வீட்டு மஹ்பூபியின் தம்பி, உனக்குத் தெரியும், லீவு முடிந்து சவுதிக்குத் திரும்புகிறார், உங்கள் ஊரில்தான் அவருக்கு வேலை. தபாலில் வருவதை எல்லாம் ஆஸ்டல் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறாள் என்று நீ சொன்னதிலிருந்து வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் தவிர எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் நோயாளி மாதிரி ஓ.பி.யில் வந்து உட்கார்ந்து உன் கையில் கொடுப்பதாகச் சொன்னார். கூடவே பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருக்கிறேன், ஊறுகாயை உடனே திறக்காதே, இன்னும் ஊற வேண்டும். சர்டிபிகேட் என்ன ஆயிற்று என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி, நான் பட்ட பாட்டை வேறு யாரிடம் சொல்வேன்.

ஈஸ்டர் அன்று வார்டன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது, மே மாதக் கடைசிக்குள் மறுபடி கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அதே அறை அதே வார்டன். மஸ்கட்டில் இருக்கிற ஆஸ்பத்திரி உன்னை எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் நர்சிங் சர்டிபிகேட் நகல் வேண்டும், ஒரிஜினல் எல்லாம் உங்கள் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். நல்ல காலம், போகும் முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன் அம்மா, அதை இந்த மெயில் விலாசத்துக்கு அனுப்புங்கள் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாய், நானும் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தேன். இதில் என்ன கஷ்டம், மறுநாளே அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவை மறந்துவிட்டேன்.

உன் அப்பா ஷூ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனார் என்று ஊர் நினைக்கிறது. ரிட்டையர் எல்லாம் ஆகவில்லை, கேட்டை வீட்டுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். கொத்தமல்லி வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் எங்கே என்று கேள்வி, வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேள்வி. போனுக்கு நம்பர் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார், அந்த நம்பர் எனக்குத் தெரியாது, வெளிநாட்டுக்கு நான் பேச வேண்டும் என்றால் அவர் வந்து திறக்க வேண்டும், திறந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். முப்பது பிள்ளைகள் இருந்த மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்தவள் நான், இப்போது என் வீட்டிலேயே வாசலுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறேன். கெட்ட மனுஷன் இல்லை, அது உனக்கும் தெரியும். பயம்தான். கதவைச் சாத்தி வைத்தால் எல்லோரும் பத்திரம் என்று நினைக்கிற பயம். உன் ஆஸ்டலைப் பற்றியும் அதையேதான் சொன்னார், "பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடம், பூட்டி வைக்கறதுல இன்னா தப்பு, கட்டுப்பாடா கீறானுங்க, பேசாம கையெழுத்து போடச் சொல்லு" என்று.

சரி, கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். அதில் வாங்கும்போதே போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸுக்குக் காலம் முடிந்துவிட்டது. திறந்தால் சிவப்புக் கட்டம் வந்து முடிந்தது முடிந்தது என்கிறது. உன் சர்டிபிகேட்டை அனுப்பலாம் என்று நான் உட்கார்ந்தேன், அப்பா ஓடி வந்து நெட்டைத் தொடாதே, காவல் இல்லாத நேரம் என்று எழுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய்ப் புதிதாக வேறு கம்பெனி ஆன்டிவைரஸ் சி.டி. வாங்கி வந்தார். கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார், முதலில் பழையதை எடுத்துவிடுங்கள், கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், பிறகு புதியதைப் போடுங்கள் என்று. இவர் கேட்பாரா? கம்பெனியில் ஒரு வாட்ச்மேனை மாற்றினால் பழைய ஆளை உடனே அனுப்ப மாட்டார்கள், புது ஆளைக் கொண்டுவந்து பழைய ஆளோடு சேர்த்து கேட்டில் நிறுத்தி, எல்லாம் கைமாறிய பிறகுதான் பழையவர் வீட்டுக்குப் போவார். கேட் ஒரு நிமிஷமும் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது உன் அப்பாவுக்குப் பத்துக் கட்டளைக்கு மேல் பதினொன்றாவது. அதனால் பழையதை வைத்துக்கொண்டே புதியதைப் போட்டார். புதியதே பாவம், போடும்போது கட்டம் போட்டுக் கேட்டது, இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு வா என்று. நான் படித்துச் சொன்னேன். "ரெண்டு பேரு இருந்தா காவல் ஜாஸ்திதான, கம்மியாவா பூடும்" என்று சொல்லி, பரவாயில்லை போடு என்கிற பட்டனை அழுத்திவிட்டார்.

அதோடு நின்றது. அம்புக்குறி நடு மானிட்டரில் நின்று நகரவில்லை, மணல் கடிகாரம் மட்டும் திரும்பித் திரும்பி விழுகிறது. அணைத்துப் போட்டாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. உன் பெயர் போட்ட மஞ்சள் கவர் திரையில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, அழுத்தினால் திறக்கவில்லை. அதற்குள்ளே உன் சர்டிபிகேட், வெளியே நான், நடுவில் உன் அப்பாவின் இரண்டு வாட்ச்மேன்கள். அவர் என்ன செய்தார் என்கிறாய்? நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். "புது ஆளு, பழைய ஆளு, ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கறாங்க, நாளைக்கு சரியாய்டும்" என்றார். நாளையும் போனது, அதற்கடுத்த நாளும் போனது. கடைக்காரர் பெட்டியைக் கொண்டுவாருங்கள் என்றார், அது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று இவர் மறுத்துவிட்டார், உள்ளே நம் போட்டோ எல்லாம் இருக்கிறதாம். ஆளை அனுப்புகிறேன் என்றார், முன்பின் தெரியாதவனை வீட்டுக்குள் விடக் கூடாது என்று அதற்கும் மறுப்பு. உனக்குப் போன் செய்து சொல்லலாம் என்றால் போன் பூட்டில். நான் சமையலறைக்கும் அந்த மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். காலண்டரில் நாள் போய்க்கொண்டே இருக்கிறது, உன் குரல் காதிலேயே இருக்கிறது. ஒருநாள் மதியம் சோற்றுத் தட்டை அவர் முன்னால் டம் என்று வைத்துவிட்டு, உங்களுக்கு இந்தப் பெட்டி பத்திரமா, பெத்த பொண்ணு பத்திரமா என்று கத்திவிட்டேன். அவர் தட்டைத் தொடவில்லை. எனக்குப் பிறகு பாவமாக இருந்தது, ஆனாலும் சமாதானம் பேசப் போகவில்லை.

மறுநாள் மஹ்பூபியின் மகள் ரஃபத் ஜஹான் லீவில் வீட்டில் இருந்தாள், வாணியம்பாடியில் பெண்கள் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள் அல்லவா, மதில் சுவர் பக்கத்திலிருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் உன் அப்பா வாசலிலேயே நிறுத்தியிருப்பார். ரஃபத்தை எப்படி நிறுத்துவார், எல்.கே.ஜி.யில் உன்னோடு சேர்த்து அவளையும் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டவர். அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "அங்கிள், உங்க ரெண்டு ஆளுங்களும் ஒருத்தர ஒருத்தர் திருடன்னு நெனச்சி புடிச்சி வச்சிருக்காங்க. திருடன் யாரும் வரவேயில்ல. வூட்டுக்காரங்க நீங்கதான் உள்ள போக முடியாம நிக்கறீங்க" என்றாள். அப்பா முகம் சுருங்கிப் போனது.

அவள் செய்ததை உனக்கும் எழுதுகிறேன், உன் அறையில் அந்தக் கோட்டயம் பெண் லேப்டாப் வைத்திருக்கிறாள் என்றாயே, உதவும். முதலில் நெட் ஒயரைப் பிடுங்கிக் கீழே போட்டாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதே கீபோர்டில் மேல் வரிசையில் இருக்கிற ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள், சேஃப் மோடாம், அப்படித் திறந்தால் இரண்டு பேரும் டூட்டிக்கு வர மாட்டார்களாம். திரை கறுப்பாக, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக வந்தது, ஆனால் அம்பு நகர்ந்தது. எடுத்த எடுப்பில் உன் மஞ்சள் கவரைத் திறந்து எல்லாவற்றையும் அவளுடைய பென் டிரைவில் ஏற்றினாள், எதைப் பிடுங்குவதற்கு முன்னாலும் வேண்டியதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் ஆன்ட்டி என்றாள். உன் பெயர், உன் போட்டோ, காலேஜ் முத்திரை எல்லாம் திரையில் வந்தது. எனக்குக் கண் மறைத்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு புதியது தானாக எழுந்திருக்காதபடி ஏதோ நிறுத்தி வைத்துவிட்டு, சாதாரணமாகத் திறந்து, பழையதை முறைப்படி எடுத்தாள். சும்மா அழித்தால் போகாதாம், வந்த வழியிலேயே அனுப்ப வேண்டுமாம். அணைத்துப் போட்டாள். பாதியில் மாட்டிக்கொண்டிருந்த புதியதையும் எடுத்தாள். மறுபடி அணைத்துப் போட்டாள்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "இப்ப உள்ள யாருமே இல்லியா?" என்று கேட்டார். ரஃபத் ஆமாம் அங்கிள் என்றாள். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார், எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "ஒயர் கீழ கெடக்குது அங்கிள், யாரும் வர முடியாது. கொஞ்ச நேரம் ஆளில்லாம இருந்தா தப்பே இல்ல" என்று அவள் சொல்லிவிட்டு சி.டி.யைப் போட்டுப் புதியதை ஒழுங்காக ஏற்றினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒயரை மாட்டினாள். அது தனக்கு வேண்டியதை நெட்டில் வாங்கிக்கொண்டு, பெட்டி முழுவதையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, யாரும் இல்லை என்று பச்சை காட்டியது. காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினேன். மஸ்கட்டுக்குப் போய்விட்டது இவா, உன் மெயிலுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். கிடைத்தது என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது, வேலை தருகிறோமா என்று பிறகு சொல்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்வார்களா தெரியாது.

ரஃபத் டீ குடித்துவிட்டுப் போன பிறகு அப்பா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து நிலைப்படியில் நின்று, "அந்த ஆஸ்டல் கதவுக்குப் பூட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "நான் இத்தன வருஷம் கேட்ல நின்னேன். உள்பக்கமா பூட்டுவேன், சாவி என் இடுப்புல இருக்கும், நானும் உள்ளதான் இருப்பேன். அங்க எந்தப் பக்கம்?" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று நீ சொன்னதை அப்போது அவரிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். நைட் டூட்டி முடித்து நீங்கள் தூங்கப் போனதும் வார்டன் வெளியே பூட்டிக்கொண்டு வேறு கட்டடத்துக்குப் போய்விடுவதையும், கோட்டயம் பெண்ணுக்கு வயிற்று வலி வந்தபோது உள்ளேயிருந்து நீங்கள் எல்லோரும் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கினதையும் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வெளிப்பக்கமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். எழுந்ததும் போனைத் திறக்கிற நம்பரை எனக்குச் சொல்லிக் கொடுத்தார், ஆனால் அங்கே நீ பேசும்போது வார்டன் பக்கத்தில் நிற்பாளே, அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன்.

நிசார் அஹமதிடம் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கஷ்டப்படாதே, உன்னைப் பார்த்தேன் என்று அவர் மஹ்பூபிக்குப் போனில் சொன்னால் போதும். தலைக்கு எண்ணெய் வை, வெறும் வயிற்றில் டூட்டிக்குப் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவையும் இரண்டு வரி எழுதச் சொல்லி இடம் விட்டிருக்கிறேன், படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பொன்மலர்

இவா, மஸ்கட் பதிலுக்குக் காத்திருக்காதே. கையெழுத்துப் போடாதே. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேள். கொடுக்காவிட்டாலும் நீ வா.
அப்பா