போணிக்கு வந்த ஓட்டல்காரன்

அன்பு மகள் நெர்மினாவுக்கு, சராயெவோவிலிருந்து அம்மா எழுதுவது. அல்லாவின் கருணையில் மூட்டுவலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் அந்த ஸ்வீடன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் சொன்னால் வேலை பார்த்துக்கொண்டே சரிம்மா சரிம்மா என்பாய், அதனால்தான் எழுதி, நாளை ஸ்வீடனுக்குப் புறப்படும் பஸ்ஸில் காபித்தூளோடு கொடுத்தனுப்புகிறேன். நம் காபிக் கடையையும் பக்கத்து ரெஷாத்தின் பெல்ட் கடையையும் இடித்து ஓட்டல் கட்ட ஒருவன் அலைகிறான். இரண்டுக்கும் ஒரே கூரை, ஒன்றை விட்டு ஒன்றை இடிக்க முடியாது. நம் கடையில் பாதி உன் பேரில் இருப்பதால் உன்னிடமும் வருவான்.

செவ்வாய்க்கிழமை காலை கோட்டுப் போட்ட ஒருவன் வந்து வியாபாரம் எப்படி, கூட்டம் எப்படி என்று விசாரித்தான். ஏதோ வாங்க வந்தவன் என்று நினைத்து, "எனக்குப் போணி ஆயிடுச்சு தம்பி, பக்கத்துக் கடையில இன்னும் ஆகல, அங்க போய் ஏதாவது வாங்கு" என்று நம் கடைத்தெரு வழக்கப்படி அனுப்பிவிட்டேன். ரெஷாத் என்ன வேணும் என்று கேட்க, கடையே வேணும் என்றானாம். இவன் சிரித்துக்கொண்டே வாய்க்கு வந்த விலையைச் சொல்ல, அவன் பேரமே பேசாமல், முடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டிவிட்டான். நாளின் முதல் ஆள் நீட்டிய கையை எப்படித் தட்டுவது என்று இவனும் கைகொடுத்துவிட்டான். நான் போய்ச் சத்தம் போட்டதற்கு, "நீதானக்கா ஆள அனுப்புன! பெல்ட்டு வாங்க இப்ப யாரு வர்றா? டூரிஸ்டுங்க பஸ்ஸுல வந்து எறங்குறாங்க, போட்டோ புடிக்கிறாங்க, போறாங்க" என்கிறான். வழக்கத்துக்குக் கட்டுப்பட்டானா, விற்கத்தான் காத்திருந்தானா, எனக்கு இன்னும் புரியவில்லை.

மறுநாள் நான் கதவைத் திறக்கும்போதே அந்த ஆள் வாசலில் நிற்கிறான். விவரம் தெரிந்துகொண்டு, போணிக்கு முன்னாலேயே வந்திருக்கிறான் பாவி! போணிக்கு வந்தவனை முடியாது என்று திருப்பி அனுப்பக் கூடாதே. அப்போது ரெஷாத் கடையின் முன்பக்கத்தில் வாடகைக்கு இடம் பிடித்து ஐஸ்கிரீம் விற்கிறானே வேதாத், அவன் பாட்டுச் சத்தத்துக்காக நான் தினம் சண்டை போடுகிறவன், அவன் ஓடிவந்து, "அத்தை, நூறு கிராம் காபி போடுங்க" என்று காசை வைத்தான். "ஆச்சு, போணி ஆச்சு. இப்ப சொல்ல வேண்டியதச் சொல்லுங்க." கஸ்டமரை அடுத்த கடைக்கு அனுப்புகிற பைத்தியக்காரி என்று என்னைக் கிண்டல் பண்ணினவன்! கடை போனால் அவன் பிழைப்பும் போகும், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. முடியாது, நடையைக் கட்டு என்று ஓட்டல்காரனிடம் சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவே இல்லை. "பரவாயில்லம்மா, உங்க பொண்ணுகிட்ட பேசிக்கிறேன். வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க யாரும் இதுவரைக்கும் வேணாம்னு சொன்னதில்ல" என்று சிரித்தான்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகளே. நீ விற்கச் சொன்னால் உன்மேல் கோபப்பட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத வரவில்லை. கோபப்படுவேன். ஆனாலும் நீ எதைச் சொல்வதானாலும் முதலில் எனக்குச் சொல், அவன் வாயால் நான் கேட்கும்படி வைத்துவிடாதே.

காபித்தூளை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வை. அல்லா உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா ஷெம்ஸா