இருட்டில் எண்ணிய தலைகள்

அக்கா,

போன கிழமை குளிர் தொடங்கியதும் விட்பியில் என் வீட்டின் பேஸ்மென்றுக்கு இறங்கி, ஒரு வருடமாகத் தொடாமல் கிடந்த கறுப்பு ஜக்கெற்றை எடுத்தேன். பொக்கற்றுக்குள் கை விட்டபோது விரலில் ஏதோ ஒட்டியது. மஞ்சள் நிறத்தில் ஒரு வட்ட ஸ்ரிக்கர். சுற்றுலாவுக்குப் போன அன்று வழிகாட்டி எல்லோருடைய நெஞ்சிலும் ஒட்டிவிட்டது. மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பும் ஈரமண்ணும் கலந்த அந்த மணம் அப்படியே இருந்தது. ஒரு வருடத்தில் எந்த மணமும் போய்விடும் என்று நீங்கள் சொல்வீர்கள். போகவில்லை, நான் என்ன செய்ய?

அதைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று முப்பது வருடங்களுக்கு மேலாக என்னிடமே கிடக்கிறது. ஊரில் குண்டு விழுந்த அன்று உங்கள் தங்கச்சி சுகி பதுங்குகுழியான பங்கருக்கு வெளியே நின்றதற்கு நீங்கள் காரணம் இல்லை. நான்தான். இதை எழுதாமல் இனி இருக்க முடியாது.

அந்தச் சுற்றுலா என் மகள் அபியின் வேலை. "அம்மா, உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் ரெண்டு ரிக்கற் புக் பண்ணியிருக்கிறன். ஒரு நாள் பஸ் ரூர், சிற்றி முழுக்கக் காட்டுவினம். லாஸ்ற்றா ஒரு வோர் ரைம் பங்கர். இற்ஸ் சோ கூல்" என்றாள். அவளில் என்ன பிழை, நாங்கள் எதையாவது சொல்லி வளர்த்தோமா?

உங்களுக்கு நிலத்துக்குக் கீழே என்றாலே ஆகாது. எங்கள் சனம் ஸ்காபரோவில் பேஸ்மென்றுகளில் வாடகைக்கு இருந்த காலத்தில், நீங்கள் மட்டும் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. நிலத்துக்குக் கீழே ஓடும் சப்வே ரயிலில் ஏற மாட்டீர்கள். ஸ்ரீட்காரும் பஸ்ஸும் மாறி மாறி ஸ்காபரோவுக்கு வேலைக்குப் போவீர்கள். நான் அகதியாக வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்து நின்றதும், அந்தப் பதினேழாம் மாடியில் இரண்டு வருடம் வைத்துச் சோறு போட்டதும் நீங்கள். ஊரில் அடுத்த வீட்டுப் பிள்ளை என்பதைத் தவிர எனக்கும் உங்களுக்கும் ஓர் உறவும் கிடையாது. நீங்கள் போட்ட ஒவ்வொரு பிடி சோற்றையும் நான் எப்படி விழுங்கினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் செய்த வேலையும் எண்ணுகிற வேலைதான். டே கெயரில் சின்னப் பிள்ளைகளைக் கயிற்றைப் பிடிக்க வைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போவீர்கள். போகும்போது எண்ணுவீர்கள், ரோட்டைக் கடந்ததும் எண்ணுவீர்கள், திரும்பி வந்து ஜக்கெற் கழற்றும்போதும் எண்ணுவீர்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காரில் ஏறியதும் ஒவ்வொரு தலையாகத் தொடுவீர்கள்.

"அக்கா, மூண்டு பேர்தானே இருக்கிறம், இதுக்கும் எண்ணோணுமே?" என்று நான் சிரிப்பேன்.

"மூண்டெண்டாலும் எண்ணத்தான் வேணும்" என்பீர்கள், சிரிக்காமல்.

சுற்றுலா நாள் நல்ல வெயில், ஆனால் குளிர். அந்த உயரக் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுத்தோம். பழைய நகர மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்தோம். ஏரிக்கரையில் கோப்பி குடித்தோம். வழிகாட்டி நெட்டையான ஒரு வெள்ளைக்காரப் பெண். போர்க்காலத்துத் தொப்பி ஒன்றைப் போட்டிருந்தாள். பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முறையும் கையிலிருந்த எண்ணியை, ஆட்களை எண்ணும் அந்தச் சின்னக் கருவியை, அமர்த்தி அமர்த்தி, "என்னோடு சேர்த்துப் பதினைந்து, எல்லோரும் இருக்கிறோம்" என்பாள். நீங்கள் என் காதுக்குள், "கெட்டிக்காரி" என்றீர்கள்.

கடைசி இடம் அதுதான். நகரத்தின் வடக்கே மேட்டில் ஒரு பழைய செங்கல் கட்டடம், அதன் அடியில் உலகப் போர்க்காலத் தலைமையகம். "நாங்கள் பஸ்ஸிலையே இருப்பம் அக்கா" என்றேன். நீங்கள் அந்த வாசலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"வந்தது வந்திட்டம். பாத்திட்டுப் போவம்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கினீர்கள்.

நாற்பத்திரண்டு படிகள். நீங்கள் எண்ணிக்கொண்டே இறங்கியதால் எனக்குத் தெரியும். கீழே ஒடுங்கிய நடைபாதை, கூரையில் குழாய்கள். வரைபட அறையில் குண்டூசிகள் இன்னும் குத்தியபடியே இருந்தன. தொலைபேசிகள் வரிசையாக இருந்தன. தட்டச்சு மேசையில் மெழுகினால் செய்த ஒரு பெண் இருந்தாள். நாங்கள் கடந்து போனபின் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. இங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் வாய் திறக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் என்றாள் வழிகாட்டி. போர் முடிந்த பிறகும் வீட்டில் ஒரு சொல் சொல்லாமல், அப்படியே வயதாகிச் செத்துப்போனார்களாம். எல்லோரும் வியந்தார்கள். எனக்கு வியர்த்தது.

"மண் மணக்குது, என்ன?" என்றீர்கள் நீங்கள்.

கடைசி அறை பதுங்கு அறை. சுவரோரம் வாங்குகள், நீளமான மர இருக்கைகள். எல்லோரும் நெருக்கி இருந்தோம். வழிகாட்டி இரும்புக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு நிமிடம் விளக்கை அணைத்து, அந்தக் காலத்து விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கொலியைப் போடப் போவதாகவும், பயமென்றால் இப்போதே சொல்லலாம் என்றும் சொன்னாள். விளக்கு அணைந்தது. சங்கு ஊதத் தொடங்கியது. நான் கண்ணை மூடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன், எட்டு வயதில் செய்ததைப் போல.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். உங்கள் ஜக்கெற் என்னில் உரசியது. பொத்திய காதுக்குள்ளும் எல்லாம் கேட்டது. வாங்கின் அந்தக் கரையில் யாரோ, "யார் என் தலையைத் தொடுவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். இன்னொருவர் சிரித்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று உங்கள் குரல் கிட்டக் கிட்ட வந்தது. என் பக்கத்தில் வந்து நின்றது.

"சுகியோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம்."

அந்த ஓம் என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரம் உங்கள் கை என் தலையில் படவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அந்தப் பழைய நாளை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. ஊரில் உங்கள் வீட்டு பங்கர் வளைந்து இறங்கும், பகலிலும் உள்ளே இருட்டு. உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணை, நீங்கள், சுகி என்று ஐந்து பேர். ஐந்து தலையையும் தொட்டு எண்ணி, "சரி" என்று சொல்வது பதின்மூன்று வயதான உங்களுடைய பொறுப்பு. நீங்கள் சரி என்றால்தான் உங்கள் அப்பா வாசல் தகரத்தை இழுத்து மூடுவார். அன்று பின்னேரம் என் அம்மா கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றார். நானும் சுகியும் உங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தோம். "பொம்மர் வருது" என்று குண்டு போடும் விமானத்தைக் கண்டு உங்கள் அப்பா கத்தினார். இருவரும் ஓடினோம். பாதி வழியில் சுகி நின்றுவிட்டாள்.

"சட்டை போடாமல் வரமாட்டன். அண்ணை இருப்பார்" என்றாள். வேலியில் கிடந்த சட்டையை எடுக்கத் திரும்பி ஓடினாள். நான் நிற்கவில்லை.

பங்கருக்குள் மூலையில் ஒடுங்கினேன். உங்கள் கை வந்து என் ஈரத்தலையில் நின்றது, வாய் என் காதருகே வந்தது. "சுகியோ?" என்று கேட்டீர்கள். நான் "ஓம்" என்றேன்.

இல்லை என்று சொன்னால் நீங்கள் தகரத்தை மூட விடமாட்டீர்கள், அவளைத் தேடி வெளியே ஓடுவீர்கள், திறந்த வாசலைப் பொம்மர் கண்டுவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் அக்கா. வேறு காரணம் ஒன்றும் இல்லை. "சரி" என்றீர்கள். தகரம் மூடியது. பிறகு நிலம் குலுங்கியது. தகரத்தைத் திறந்தபோது சுகி வேலியடியில் கிடந்தாள். சட்டையில் ஒரு கையை மட்டும் போட்டிருந்தாள்.

உங்கள் அம்மா உங்களை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உங்களை எண்ணச் சொல்லவும் இல்லை. "நான் கேக்கேல்லை. தலையைத் தொட்டுப்போட்டு, ஆரெண்டு கேக்காமல் விட்டிட்டன்" என்று நீங்கள் அன்று அழுதீர்கள். பதினேழாம் மாடியிலும் அதையே சொன்னீர்கள். நீங்கள் கேட்டீர்கள் அக்கா, அந்தப் பதற்றத்தில் கேட்டதையே மறந்துவிட்டீர்கள். கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் நீங்கள் சப்வேயில் ஏறியிருப்பீர்கள். ஒரு நாளாவது எண்ணாமல் காரில் ஏறியிருப்பீர்கள். சொல்லவில்லை. என்னை நீங்கள் வெறுத்துவிடுவீர்கள் என்று பயந்து, நீங்கள் உங்களையே வெறுக்க விட்டேன்.

விளக்கு வந்தபோது நீங்கள் அறையின் நடுவில் நின்றீர்கள். முகம் அமைதியாக இருந்தது. வழிகாட்டியிடம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். அவள் எண்ணியைக் காட்டினாள். பதினைந்து. நீங்கள் தலையாட்டிவிட்டு மேலே ஏறினீர்கள்.

பஸ் ஏரிக்கரையால் திரும்பி வந்தது. நீங்கள் ஜன்னலோரம் இருந்தீர்கள்.

"பதினாறு" என்றீர்கள். "ஓராள் கூட இருந்தது. சின்னத் தலை. ஈரமா இருந்தது."

அன்று மழையே இல்லை.

"இந்த முறை கேட்டனான்" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "நீ அண்டைக்கு என்ன சொன்னனீ?" என்று கேட்டீர்கள்.

அக்கா, அதுதான் நீங்கள் எனக்குத் திறந்துவிட்ட வாசல். நான் என்ன செய்தேன்? வெளியே கையைக் காட்டி, "அங்க பாருங்கோ, படகு" என்றேன்.

நீங்கள் படகைப் பார்த்தீர்கள். "ஓம். வடிவாத்தான் இருக்கு" என்றீர்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிட்டு, பதினேழாம் மாடியில் லிஃப்ற்றுக்கு நின்ற இடத்திலேயே விழுந்தீர்கள். நான் விட்பியிலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஸ்ரிக்கரைக் கண்டபின் நான் அதே சுற்றுலாவுக்கு ரிக்கற் எடுத்தேன். போன சனிக்கிழமை தனியாகப் போனேன். அபி வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். கொட்டும் மழை. குடையை வேண்டுமென்றே காரில் விட்டுவிட்டுப் போனேன். அதே வழிகாட்டி, அதே தொப்பி. இந்த முறை பதினொரு பேர். நாற்பத்திரண்டு படிகளையும் எண்ணிக்கொண்டே இறங்கினேன். பதுங்கு அறையில் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தேன். தலைமயிரிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டி இரும்புக் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

விளக்கு அணைந்தது. சங்கு ஊதியது. இந்த முறை நான் காதைப் பொத்தவில்லை.

ஒரு கை வந்து என் தலையில் நின்றது. சின்னக் கை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கை. ஒன்றும் கேட்கவில்லை. காத்துக்கொண்டு நின்றது.

"இல்லையக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கும்படி பலமாகச் சொன்னேன். "நான் சுகியில்லை. அவ வெளியில நிக்கிறா. சட்டை எடுக்கப் போனவ. தகரத்தை மூட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

கை எடுபட்டது. என் முழங்காலை உரசிக்கொண்டு யாரோ ஓடினார்கள்.

விளக்கு வந்தபோது இரும்புக் கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. படிவழியே மழை மணம் உள்ளே வந்தது. வழிகாட்டி தாழ்ப்பாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"கதவை யார் திறந்தது?" என்று கேட்டாள். கதவடியில் இருந்த கிழவர் தான் அசையவே இல்லை என்றார். அவள் எண்ணியை அமர்த்தி எங்களை எண்ணினாள். பதினொன்று. ஒருவரும் குறையவில்லை.

அன்றே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் இதைத்தான் செய்திருப்பீர்கள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியிருப்பீர்கள். இரண்டு பேரும் திரும்பி வந்திருப்பீர்களோ, இரண்டு பேரும் வராமலே போயிருப்பீர்களோ, எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நான் முடிக்கப் போவதில்லை. உங்கள் கை நின்ற இடம் மட்டும் என் உச்சியில் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது. தலை எத்தனையோ தரம் காய்ந்துவிட்டது, அந்த இடம் காயவில்லை.

பேஸ்மென்றுக் கதவை நான் இப்போது பூட்டுவதில்லை. ஏன் என்று அபி கேட்டால், காற்று வரட்டும் என்கிறேன். நீங்கள் சுகியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால் உள்ளே வர வழி இருக்க வேண்டும். வந்ததும் எண்ணுங்கள். என் தலையில் கையை வைத்து, ஆர் என்று கேளுங்கள். நான் என் பெயரைச் சொல்கிறேன்.