மேலிடத்துக்குக் கிளிசரின்

மார்ச் 3, செவ்வாய்

இன்றோடு ஐந்து நாள். எங்கள் வீட்டு மேலிடம் இன்னும் வெளிக்குப் போகவில்லை.

மேலிடம் என்றால் என் வீட்டுக்காரர்தான். கட்டடம் கட்டுகிற இடத்தில், முப்பது மாடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறார். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். மேலே கக்கூஸ் கிடையாது. அதனால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்று பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரிய மூளை முடிவெடுத்துவிட்டது. குடித்தால்தானே இறங்க வேண்டும்! என்ன ஒரு அறிவு. உலகத்தில் வேறு யாருக்காவது தோன்றுமா?

"இத்தனை டன் இரும்பைத் தூக்குறவருக்கு இதைத் தள்ள முடியலையா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளேயிருந்து ஒரே முனகல்தான்.

மார்ச் 4, புதன்

மருந்துக் கடையில் கண்ணாடி போட்ட பெண் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தாள். கிளிசரின். மெழுகில் செய்த தோட்டா மாதிரி பத்து உருப்படி.

"வாயில போட்டுடாதீங்கக்கா, பின்னாடி வைக்கிறது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ஒரு வாரத்துக்கு மேல வேணாம். வயித்து வலி, வாந்தி, ரத்தம் எது இருந்தாலும் வைக்கவே கூடாது. நேரா டாக்டர்கிட்ட போயிடணும்." மூச்சு விடாமல் சொன்னாள். பெட்டிக்குள் இருந்த தாளில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ஒரு வாரம் ஆகிவிடும். அதனால் அவள் சொன்னதை மறக்குமுன் இங்கே எழுதிவிட்டேன்.

பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவித் திரும்புகிறேன், ஐயா ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் டம்ளரோடு நிற்கிறார்.

"வாய் வழியா இல்லைங்க."

"பின்ன வேற எது வழியா?"

சொன்னேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. கம்பி அறுந்து இரும்பு விழுந்தால்கூட இப்படி வெளுத்திருக்க மாட்டார். இன்று தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

தொட்டார். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. பாட்டு பாடிக்கொண்டே வெளியே வந்து, "சின்னதா இருந்துக்கிட்டு என்ன வேலை பார்க்குது பாரு" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிரேன் ஏறியிருக்கிறார். கண்ணாடிக் கூண்டு, உச்சி வெயில். உருகிப் பையெல்லாம் பிசுபிசு. நான் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகக் கறை எடுக்கிறவள். மை, எண்ணெய், உதட்டுச் சாயம் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். இது புது உறவு. நல்ல குணம், தண்ணீர் பட்டதுமே போய்விட்டது.

"அவசரம் வந்தா மேல அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதா உத்தேசம்?" என்றேன்.

அதை அவர் யோசிக்கவில்லையாம்.

மார்ச் 12, வியாழன்

எட்டாவது நாள். போதும் என்றேன். "நீ என்ன டாக்டரா?" என்றார். இல்லை. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

மார்ச் 16, திங்கள்

செருப்பு வைக்கிற பலகைக்குப் பின்னால் ஒரு புதுப் பெட்டி! சனிக்கிழமை வாங்கிய ரசீது உள்ளேயே இருக்கிறது. பத்தில் ஐந்துதான் பாக்கி. மூன்று நாளைக்கு ஐந்து. ஒளித்து வைக்கவும் தெரியவில்லை, பாவம்.

ஒன்று வைத்தால் இவ்வளவு வேலை செய்கிறதே, இரண்டு வைத்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்கிறார்.

"எட்டு டன் தூக்குற கம்பியில பதினாறு டன் மாட்டுவீங்களா?"

"பைத்தியமா உனக்கு? கிரேனே சாஞ்சிடும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். சாப்பாடும் பாதிதான். இப்போதெல்லாம் தினமும் பாதிதான்.

மார்ச் 18, புதன்

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் இன்றுதான் தன் உள்ளாடையைத் தானே துவைத்திருக்கிறார். நான் வேலையிலிருந்து வருவதற்குள் கொடியில் காய்கிறது. அடேங்கப்பா, திருந்திவிட்டார் என்று கிண்டல் செய்யத்தான் கிட்டே போனேன்.

வெந்நீரில் துவைத்திருக்கிறார். ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகி அப்படியே உட்கார்ந்துவிடும். ஊரில் யாரை வேண்டுமானாலும் இப்படி ஏமாற்றலாம். என்னையா?

"எத்தனை நாளா?"

"அந்த மருந்துனாலதான்..."

"மருந்துக்கு முன்னாடி வரலையா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மாசமாம். ரெண்டு மாசம்! ஒரே பாயில படுத்துக்கிட்டு, ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு. நான் என்னடான்னா பக்கத்துல உக்காந்து பகடி பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

"சொன்னா கம்பெனியில உடம்பைப் பரிசோதிப்பாங்க. கீழ இறக்கிடுவாங்கடி. கீழ எனக்கு என்ன தெரியும்?"

கொடியிலிருந்து அதை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டேன்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு பேரும் லீவு போட்டோம். டாக்டரம்மா சின்ன வயசு. "ரத்தம் எப்பலேர்ந்து?" என்றாள். இவர் வெயில் அதிகம் என்றார். நானே எல்லாவற்றையும் சொன்னேன், செருப்புப் பலகை உட்பட.

"கிளிசரின் மேல தப்பில்லைங்க. எப்பவாவது ஒண்ணு வச்சா நல்ல மருந்துதான். ரத்தத்தைப் பார்த்த பிறகும் அதையே வச்சுக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதுதான் தப்பு. உள்ள என்னன்னு பார்த்துடுவோம்."

குழாயில் கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். செவ்வாய்க்கிழமை.

மார்ச் 24, செவ்வாய்

பார்த்தார்கள். குடலில் கட்டி. வெட்டி எடுக்க வேண்டும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது எடுத்த பிறகுதான் தெரியும்.

மார்ச் 25, புதன்

செருப்புப் பலகைக்குப் பின்னாலிருந்த பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 28, சனி

சூப்பர்வைசரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உடம்பு தேறினால் கீழே நின்று வாக்கி டாக்கியில் கிரேனுக்கு வழி சொல்கிற வேலை தருகிறார்களாம். கிரேனில் வேறு ஆள் ஏறியாயிற்று. எங்கள் ஜன்னலில் நின்றால் தெரிகிறது. "திருப்புறான் பாரு, மாட்டு வண்டி மாதிரி" என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டே இருக்கிறார். திட்டட்டும். எனக்கும் கேட்கப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, "இன்னைக்குத் தேதியைப் பார்த்தியா? முட்டாள்கள் தினம்" என்றார். கிண்டல் செய்கிற என் வேலையை அவர் செய்கிறார். நான்கு மணி நேரம் வராந்தாவில் நடந்தேன். உயிரோடுதான் திரும்பக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 4, சனி

இந்த ஆஸ்பத்திரியில் ஒரே கேள்விதான். காலை நர்ஸ் வந்தால், "காத்து பிரிஞ்சுதா?" மத்தியானம் பெரிய டாக்டர் ஐந்து பேர் புடைசூழ வந்தால், "காத்து பிரிஞ்சுதா?" வெட்டித் தைத்த குடல் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம். நாலு நாளாகியும் பிரியவில்லை. வயிறு உப்பிக் கிடக்கிறது. திங்களுக்குள் ஆகாவிட்டால் வயிற்றைப் படம் எடுக்க வேண்டும் என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு இரண்டாம் நாளே ஆகிவிட்டது. அவர் மனைவி அதைச் சொல்கிற பெருமையைப் பார்க்க வேண்டும், பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் ரிப்போர்ட் வந்தது. கட்டி கெட்டதுதான், ஆனால் பக்கத்தில் எங்கும் பரவவில்லை, தொடர்ந்து வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். நான் தலையாட்டினேன். காது கேட்டது, மனசுக்குள் இறங்கவில்லை. கண்ணெல்லாம் அந்த வயிற்றின் மேலேயே இருந்தது. அடுத்த ரவுண்டு வரை பார்க்கலாம், இல்லையென்றால் படம் என்று சொல்லிப் போனார்.

மூன்று மணி இருக்கும். போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம். சின்னதுதான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருபத்து நாலு வருஷமாக இந்தச் சத்தத்துக்கு நான் சொல்லாத கிண்டல் பாக்கி இல்லை.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

நர்ஸைத் தேடி வராந்தா முழுக்க ஓடினேன். அவளைப் பிடித்து நிறுத்திய பிறகு காத்து பிரிஞ்சுது என்று சொல்வதற்குப் பதில் எனக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று கட்டிலுக்கு ஓடுகிறாள்.