காசி கொண்டுபோகும் பொட்டலம்

29-11-1971
செல்லியம்மாள் மெஸ்ஸில் இன்று ஒரு பந்தி கூடுதல். ரேடியோவில் செய்தி கேட்க வருகிறவர்கள் அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். பரிமாற நானும் காசியம்மாளும்தான். "பட்டாளத்துக்காரன் அக்கா, நீ ஊத்தும்மா ரசத்த" என்று என்னைக் கேட்டு வாங்குகிறார்கள். லீவு ரத்து என்று தந்தி வந்து, தம்பி அய்யாக்கண்ணுவைப் போன வாரம் நான்தான் வேலூர் பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்.

1-12-1971
மதியப் பந்தி ஓய்ந்ததும் காசி சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்புகிறாள். யாருக்கு என்றேன். "முள்ளிப்பட்டுல எங்க சித்திக்கு ஒடம்பு சரியில்ல." நேற்றும் போனாள். உடம்பு சரியில்லாதவள் கறிக்குழம்பா தின்பாள்?

4-12-1971
சண்டை வந்துவிட்டது. குண்டு போட்டார்களாம். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காசி மட்டும் பார்க்கவில்லை. ஏன்?

7-12-1971
பொட்டலம் லாரி டிரைவர் சக்கரவர்த்திக்குத்தான் என்று நினைத்தேன். அவர் இலைக்கு மட்டும் இன்னொரு அப்பளம் வைப்பாள். கேட்டேவிட்டேன். "ஐய, அந்தாளா? நீ வேற!" சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அப்படியானால் வேறு ஒருவன். என்னிடம் சொல்லக்கூடாத ஒருவன்.

9-12-1971
ஊருக்குள் வேவு பார்க்கிறவர்கள் ஒளிந்திருக்கிறார்களாம், மெஸ்ஸில் இதே பேச்சு. காசி ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினாள். யாருக்கடி சோறு போடுகிறாய்? என் தம்பி அங்கே குண்டுக்கு எதிரே நிற்கிறான்!

11-12-1971
அவள் பின்னாலேயே முள்ளிப்பட்டு போனேன். சித்தி திடமாக உட்கார்ந்து தறி நெய்துகொண்டிருந்தாள். காசி கொல்லைப்பக்கம் போனாள். அங்கே லுங்கியும் தாடியுமாக ஒருவன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

அய்யாக்கண்ணு.

பாதி வழியில், கண்ணமங்கலத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிட்டானாம். "பயமாருக்குதுக்கா." அறைந்தேன். குறுக்கே வந்த காசிக்கும் விழுந்தது. "இன்னும் அடி. போலீசாண்ட மட்டும் போயிடாத. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவருதான் சத்தியம் வாங்கினாரு."

அவரு! என் தம்பி இவளுக்கு எப்போதிலிருந்து அவரு?

12-12-1971
உயிரோடு இருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும்.

14-12-1971
"தம்பிகிட்டேர்ந்து சேதி வந்துச்சாம்மா?" கான்ஸ்டபிள் பலராமன். தினமும் கேட்கிறவர்தான். இன்று ஏன் என் முகத்தையே பார்த்தார்? பொட்டலம் கட்டும்போது செல்லியம்மாள் ஏன் திரும்பிப் பார்த்தாள்? காசியோடு நான் பேசுவதில்லை. ஆனால் இன்று சோறு கட்டியது நான்.

17-12-1971
ஜெயித்துவிட்டோம். கேசரி கிண்டினோம். கூட்டத்தில் யாரோ என் கழுத்தில் மாலை போட்டுவிட்டார்கள். பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். காசி தலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால ஆவாதுடி. பட்டாளத்துக்கே திரும்பிப் போவச் சொல்லி அவன்கிட்ட நீயே சொல்லு" என்றேன்.

20-12-1971
சொன்னாள், என் எதிரிலேயே. "ஜெயில்ல போட்டாலும் உனக்காகக் காத்துகினு இருப்பேன். கொல்லையில ஒளிஞ்சிகினு கெடந்தா மாட்டேன்." அவன் அழுதான். பிறகு தானே தாடியை மழித்துக்கொண்டான். காட்பாடிக்குப் போய் ரயிலேற்றினோம். இந்தத் தடவை ரயில் கண்ணில் மறையும்வரை நின்றேன். காசியும்.

5-1-1972
தம்பியைப் பட்டாளத்தில் காவலில் வைத்திருக்கிறார்களாம், விசாரணை நடக்கிறது. மதியப் பந்தியில் ஒருவர் கேட்டார்: "தம்பி எந்த பார்டருலம்மா சண்ட போட்டான்?"

"போகலீங்க. பயந்து ஒளிஞ்சிகினு இருந்தான். இப்ப அவனே போயி ஒத்துக்கினான்."

கேட்டவர் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். நான் வாளியோடு நின்றேன். காசி வந்து என் பக்கத்தில் நின்றாள். "நான் கட்டிக்கப் போறவருதாங்க அவரு. ரசம் யாருக்கு?"

கடைசியில் சக்கரவர்த்தி சோற்றில் குழி பறித்துக்கொண்டு சொன்னார்: "இங்க ஊத்தும்மா."